மங்குஸ்தான் ஓடும் இருநூறு சுற்றும்

குற்றாலத்தில் சீசன் கூட்டத்துக்கு நடுவே, தின்று போட்ட மங்குஸ்தான் ஓடுகளைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணை யாராவது பார்த்திருந்தால், அது நான்தான். முனைவர் பட்டத்துக்காகப் பொறுக்கினேன். அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்த ஓர் அம்மா என்னைத் துப்புரவு வேலைக்கு வந்தவள் என்று நினைத்து, “அந்தப் பக்கமும் கெடக்கு பாரும்மா” என்று கைகாட்டினார். நானும் “சரிங்கம்மா” என்று போய்ப் பொறுக்கினேன். தடித்த, நல்ல ஓடுகள். விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

பொறுக்கிய இடம் என் அண்ணன் கடை வாசல். மற்ற மாதங்களில் சுரண்டைச் சந்தையில் காய்கறி எடுத்துத் தென்காசிக் கடைகளுக்குப் போடுகிறவன், ஆனியில் சாரல் விழுந்ததும் அருவிக்குப் போகும் வழியில் தார்ப்பாயைக் கட்டி ரம்புத்தானையும் மங்குஸ்தானையும் அடுக்கிவிடுவான். “வாங்க அண்ணாச்சி, தின்னு பாத்துட்டு வாங்குங்க” என்று வருகிறவர்களைக் கூப்பிடுவான். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பி, “ஏட்டி, பழத்த விக்கதுக்கு நான், ஓட்டப் பொறுக்கதுக்கு நீ. நல்ல குடும்பம்” என்பான்.

இந்த ஓடு எதற்கு என்று எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் விளக்கியிருக்கிறேன். சீசனில் எங்கள் வீட்டுக்கு வராத சொந்தக்காரர் கிடையாது. இன்றைக்குச் செல்போனில் இருக்கும் பேட்டரியில் கோபால்ட் போன்ற விலை கூடிய உலோகங்கள் இருக்கின்றன. அந்த இடத்தில் கந்தகத்தை வைத்தால் விலை குறையும், அதே எடையில் கூடுதலாக மின்சாரம் பிடிக்கும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போகிற அதே மஞ்சள் கந்தகம்தான். ஆனால் அது ஓரிடத்தில் நிற்காது. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தில் கரைந்து எதிர்ப்பக்கம் இருக்கும் லித்தியத்திடம் போய்ச் சேர்ந்துவிடும். பேட்டரி செத்துவிடும். அதைத் தடுக்கக் கந்தகத்தை உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ளும் கரி வேண்டும். பணியாரச் சட்டியில் குழி இருப்பதுபோல, ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவில், லட்சக்கணக்கான குழிகள் உள்ள கரி. மங்குஸ்தான் ஓட்டை உலையில் வைத்துச் சுட்டு அந்தக் கரியைச் செய்ய முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பெரியப்பா, “எங்க வீட்டு இன்வெர்ட்டர் அடிக்கடி நின்னு போகுது, வந்து பாக்கியா?” என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கும் வந்தது.

அப்பாவும் அம்மாவும் புளியறையில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். கல்லூரிக்குப் பஸ் வசதி என்று நான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அண்ணன் மனைவி, என் மதினி, என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள். சுரண்டைப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். கொல்லையில் அவரை, பீர்க்கு, சுரை என்று கொடி விட்டிருந்தாள். வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தாலும், வெந்நீருக்குக் கொல்லையில் தேங்காய்க் கதம்பையைப் போட்டு எரிப்பாள். கதம்பை என்றால் தேங்காயை உரித்தால் வரும் மேல்மட்டை. அண்ணன் காய்கறி போடும் கடைகளிலிருந்து சும்மாவே கிடைக்கும்.

மதினியோடு எனக்கு நல்ல சிநேகம், என் சாமான்களை அவள் தொடாதவரை. இரண்டாம் வருஷம் நான் தேங்காய்ச் சிரட்டையை அரைத்து ஒரு தட்டில் வைத்திருந்த பொடியை, குப்பை என்று நினைத்துக் கொட்டிவிட்டாள். இரண்டு மாத வேலை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான்கு நாள் அவளிடம் பேசவில்லை. அதன்பிறகு என் ஒவ்வொரு சாக்கிலும் ‘தொடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டினேன். மதினி அதைப் படித்துவிட்டு, “மருவாதயாத்தான் எழுதியிருக்கா” என்றாள்.

நாலாம் வருஷச் சீசனில் முதல் சாக்கு மங்குஸ்தான் ஓட்டை நன்றாகக் கழுவி, வீட்டின் பின்னறையில் பரப்பினேன். அந்த வாரமே வேறு ஊரில் உள்ள ஒரு கருவியில் சில சோதனைகள் செய்யப் பத்து நாள் போகவேண்டி வந்தது. திரும்பி வந்து பார்த்தால், அந்தச் சாரலிலும் ஓடு எல்லாம் கலகலவென்று காய்ந்து கிடந்தது.

“நல்லா காஞ்சிருக்கே மதினி!”

“காத்தாடக் கெடந்துச்சு” என்றாள். சொல்லிவிட்டு அடுப்பில் என்னவோ தீய்கிறதென்று போய்விட்டாள். ஓடுகளில் லேசாகச் சாம்பல் நிறம் தெரிந்தது. தூசி என்று நினைத்துத் தட்டிவிட்டு அரைத்தேன்.

அந்த ஓட்டிலிருந்து செய்த கரியில் கந்தகத்தை ஏற்றி, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு செல் செய்தேன். லித்தியத்துக்கு ஈரக்காற்று ஆகாது. அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், பெட்டியோடு ஒட்டிய ரப்பர் கையுறைகளில் கையை விட்டுத்தான் வேலை செய்யவேண்டும். அந்தக் கையுறை என் கையைப்போல் இரண்டு மடங்கு பெரியது. செல்லைச் சோதனைக் கருவியில் மாட்டினேன். ஒருமுறை சார்ஜ் ஏறி இறங்கினால் ஒரு சுற்று. நாலு மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஆறு சுற்று. அதுவரை நான் செய்த செல்கள் முப்பது, நாற்பது சுற்றில் படுத்துவிடும். இது ஐம்பதைத் தாண்டியது. நூறைத் தாண்டியது. இருநூறாவது சுற்றிலும் முதல் நாள் இருந்த தெம்பில் பெரும்பகுதி அப்படியே இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் நான் போட்ட சத்தம் கோபத்தில் போட்டதல்ல. என் கைடு மேடம் எளிதில் சிரிக்கமாட்டார். அன்றைக்குச் சிரித்தார், கேண்டீனிலிருந்து எல்லோருக்கும் டீ வரவழைத்தார். டீயைக் குடித்து முடித்ததும், “சரி, இதே மாதிரி இன்னும் மூணு செல் செஞ்சு காட்டு. ஒண்ணை வச்சு நான் ஒண்ணும் எழுத விடமாட்டேன்” என்றார்.

அதற்கென்ன, செய்துவிட்டால் போகிறது என்று நினைத்தேன். முதல் சாக்குக் கரி தீர்ந்திருந்தது. அடுத்த சாக்கு ஓடுகளைக் கல்லூரியில் உள்ள உலர்த்தும் மின் அடுப்பில் பக்குவமாகக் காயவைத்து எடுத்து வைத்திருந்தேன். அதே பழம், அதே கடை, அதே உலை. செய்தேன். முப்பத்தோராவது சுற்றில் செத்தது. இன்னொன்று இருபத்தெட்டில். மூன்றாவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதன்பிறகு ஏழு மாதம் நான் யாரையெல்லாம் குறை சொன்னேன் என்று நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. முதலில் ஆர்கான் சிலிண்டர். பிறகு புதிதாக வந்த கந்தகப் பாட்டில். பிறகு கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. என் தலையில் வைக்கும் தேங்காயெண்ணெயைக்கூடச் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் எண்ணெய் வைக்காமல் பரட்டைத் தலையோடு திரிந்தேன். மதினி “காத்தாடக் கெடந்துச்சு” என்று சொன்னது ஞாபகம் வந்து, காற்றில் காய்ந்ததுதான் ரகசியம் என்று முடிவுகட்டி, மிச்சமிருந்த ஓடுகளை மறுபடி நனைத்து ஃபேனுக்கு அடியில் நாள்கணக்கில் உலர்த்தினேன். ஈரப்பதத்தை மணிக்கு ஒருதரம் குறித்து வைத்தேன். அந்தச் செல் முப்பத்துமூன்றில் செத்தது. இரண்டு சுற்று கூடுதல் என்று அதற்கும் ஒரு வரைபடம் போட்டேன்.

மேடம் நேராகவே சொன்னார். பதிவுக்காலம் முடிந்து ஒரு வருஷ நீட்டிப்பும் வாங்கியாயிற்று. இனி நீட்டிப்பு கிடையாது. வருஷக் கடைசிக்குள் மூன்று செல் இருநூறு சுற்று ஓடாவிட்டால் ஆய்வேடு இல்லை, பட்டமும் இல்லை. ஐந்து வருஷ உழைப்பில் ஓடு பொறுக்கினதுதான் மிச்சம். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்து அழுதிருக்கிறேன். சாரல் அடித்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மறுபடி சீசன் வந்துவிட்டிருந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர், கொடி நிறைய ஈரத் துண்டு. ஆடி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லைப் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மதினி ஒரு மண்பானையைக் கவிழ்த்து, அதிலிருந்த சாம்பலை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். சாம்பல் பறக்க, முறத்தில் அவரை விதையும் சுரை விதையும் பளிச்சென்று தெரிந்தன.

“விதைய எதுக்கு மதினி சாம்பல்ல போட்டு வச்சிருக்கீய?” பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“வண்டு வராது, பூசணம் புடிக்காது. ஈரத்தயும் இழுத்துக்கிடும். எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான். போன வருசம் உன் மங்குஸ்தான் ஓடுகூட…” என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் காப்பியைக் கீழே வைத்தேன். “என் ஓடு?”

மதினி முறத்தை இறக்கிவைத்துவிட்டு எழுந்தாள். தப்பி ஓட வழி பார்க்கிறாள் என்பது தெரிந்தது.

“மதினி, என் ஓட்டுல என்ன செஞ்சீய?”

“ஏட்டி, சத்தம் போடாத, வீட்டுல ஆளுக இருக்காவ. நீ ஊருக்குப் போன மூணாம் நாளு ஓடெல்லாம் வெள்ளையாப் பூசணம் புடிச்சுப் போச்சு. வெயிலும் இல்ல. உனக்குப் போன் போடலாம்னா, அங்கன இருந்தே குதிப்ப. அதான் பூசணத்தத் தொடச்சிட்டு, கதம்பச் சாம்பல அள்ளி நல்லாப் பெரட்டி வச்சேன். ஒரு வாரம் கெடந்துச்சு. நீ வாரதுக்கு முந்தின நாளு புடைச்சு எடுத்துட்டேன். ஒண்ணும் கெட்டுப் போகலல்லா?”

“ஏன் மதினி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னாத் திட்டுவல்லா!”

தேங்காய்க் கதம்பைச் சாம்பலில் பொட்டாசியம் ஏராளம். ஈரமான ஓட்டில் அது கரைந்து உள்ளே ஊறியிருக்கும். உலைச் சூட்டில் பொட்டாசியம் கரியை அரித்து அரித்துக் குழி போடும். இதைப் பாடமாகவே படித்திருக்கிறேன். கடையில் வாங்கிய பொட்டாசிய மருந்தை நானே முன்பு போட்டும் பார்த்திருக்கிறேன். அது வேகம் கூடி, கரியையே தின்றுவிட்டது. சாம்பல் அளவாக, மெதுவாக இறங்கியிருக்கிறது. கடைசியில் நான் கரியை ஆசிட்டில் கழுவும்போது சாம்பலின் தடயமே போய்விட்டது. ஏழு மாதம் நான் சிலிண்டரிலும் கந்தகத்திலும் தேடிய சங்கதி, சமையலறையில் என் எதிரில் உட்கார்ந்து தினமும் எனக்குத் தோசை ஊற்றியிருக்கிறது. என் வாய்க்குப் பயந்து அது பேசவில்லை. அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மதினியைக் கட்டிப்பிடித்து அந்த ஈரக் கொல்லையில் ஒரு சுற்று சுற்றிவிட்டேன். முறம் கவிழ்ந்தது.

“ஏட்டி, வித! வித!” என்று மதினி கத்தினாள். வீட்டுக்குள் இருந்த சொந்தக்காரர் எல்லோரும் கொல்லைக்கு வந்துவிட்டார்கள். சண்டை என்று நினைத்து வந்தவர்கள், நாங்கள் இரண்டு பேரும் மண்டியிட்டு அவரை விதை பொறுக்குவதைப் பார்த்தார்கள். இன்வெர்ட்டர் பெரியப்பாவும் குனிந்து நாலு விதை பொறுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் மேடம் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “கதம்பைச் சாம்பலா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “எந்த அடுப்பு, எத்தனை நாள், எவ்வளவு சாம்பல், எல்லாத்தையும் எழுது. உங்க மதினி செஞ்ச மாதிரியே செய், நீ ஒண்ணையும் திருத்தாதே” என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று பட்டது. நியாயமாகவும் பட்டது.

எவ்வளவு சாம்பல் என்று மதினியிடம் கேட்டால், “கை நெறய” என்றாள். நான் தராசை வைத்து, அவளைப் பத்துத் தடவை அள்ளிப் போடச் சொல்லி எடை பார்த்தேன். பத்துத் தடவையும் ஏறக்குறைய ஒரே எடை. என் கை அள்ளினால் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு காட்டியது. “உனக்கு இன்னும் கை வரல” என்று மதினி சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று செல் செய்து மாட்டினேன். இருநூறு சுற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த நாட்களில் வீட்டில் காலையில் கேட்கும் முதல் பேச்சு “ஓடுதா?” என்பதுதான். மதினி கேட்பாள், அண்ணன் கடையிலிருந்து போன் போட்டுக் கேட்பான், புளியறையிலிருந்து அப்பா கேட்பார். முப்பதைத் தாண்டிய அன்று நான் சாப்பிடவில்லை, நாற்பதைத் தாண்டிய அன்று இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். ஒருநாள் பெருங்காற்றில் மூன்று மணி நேரம் கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்குமா என்று அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தாங்கிவிட்டது. இருநூறாவது சுற்று முடிந்த அன்று மூன்று செல்லும் ஒன்றோடொன்று ஒட்டிய கோடுகளாகத் திரையில் நின்றன. நான் மதினிக்குப் போன் போட்டு, “ஓடிட்டு மதினி, மூணும்!” என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியாட்களும் வரலாம் என்பதால் மொத்தக் குடும்பமும் வந்தது. மதினி பட்டுச் சேலை கட்டிக் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் கண்ணாடியைக் கழற்றிவைத்து, “சாம்பல்ல ஊறவைக்கலாம்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?” என்றார்.

பொட்டாசியம் பற்றிய பழைய ஆய்வுகளைப் படித்துத் தோன்றியது என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கடைசி வரிசையைப் பார்த்தேன். “எனக்குத் தோணல சார். எங்க மதினி செஞ்சாங்க. எனக்கே ஏழு மாசம் தேடின பெறகுதான் தெரியும்” என்றேன்.

தேர்வாளர் அவளைப் பார்க்கவேண்டும் என்றார். மதினி எழுந்து நின்றாள். “ஓடு பூசணம் புடிச்சுது சார். இவ வந்து பாத்தா என்னய உண்டு இல்லன்னு பண்ணிருவா. அதுக்குப் பயந்துதான் சாம்பலப் போட்டேன்” என்றாள். அரங்கமே சிரித்தது. என் மேடம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன் மதினி கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, “கேட்டாக் காட்டணுமேன்னு கொண்டாந்தேன். இந்தச் சாம்பல்தான்” என்றாள். தேர்வாளர் எழுந்து கடைசி வரிசைவரை நடந்து போய் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் அழுதேன். அன்றைக்கு மறைக்கச் சாரலும் இல்லை, மறைக்கவும் தோன்றவில்லை.

பட்டம் உண்டு என்று அறிவித்தபின் மதினியை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். மூன்றில் ஒரு செல்லை மேடம் கழற்றவிடவில்லை, அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மதினி குனிந்து பார்த்தாள். “இம்புட்டுத்தானா? இதுக்கா ஏட்டி அந்தக் குதி குதிச்ச?” என்றாள். கொஞ்சம் கழித்து, “இதுல என் சாம்பல் எங்கன இருக்கு?” என்று கேட்டாள். சாம்பல் இல்லை, கழுவிவிட்டோம், அது போட்ட குழிதான் இருக்கிறது, கந்தகம் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது என்றேன். “அப்ப சரி” என்று நிமிர்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

இந்த ஆனியிலும் சாரல் வந்தது. அதே கல்லூரியில் இப்போது அடுத்த திட்டத்தில் வேலை செய்கிறேன். ஓடு பொறுக்கும் வேலை மட்டும் மாறவில்லை. போன வாரம் பின்னறையில் சாம்பலில் புரட்டி வைத்திருந்த ஓடுகளை, காய்ந்துவிட்டதா பார்க்கலாம் என்று குனிந்து ஒன்றை எடுக்கப்போனேன். அடுப்படியிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நிச்சயம் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

“ஏட்டி! தொடாத! இன்னும் ரெண்டு நாளு ஊறணும்!”

நான் கையை எடுத்துக்கொண்டேன்.